காலை ஆறு ஐம்பது, வலது கையில் வடை

ஒரே ஒரு மின்னஞ்சலால், ஒரே நிமிடத்தில், ஒரு தாம்பாளம் மெதுவடையைச் சிட்லபாக்கம் ஏரிக்கரை மண்ணில் விழவைத்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. மின்னஞ்சல் அனுப்பும் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அனுப்பியதை நாலு பேர் திறந்து படித்தாலே அன்றைக்கு அவர்கள் வீட்டில் பாயசம்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விஸ்காம் பட்டப்படிப்பை முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். ‘வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில் மட்டும் தேடினேன். கடைசியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் படிப்பு அல்ல, அப்பாவின் சர்க்கரை.

அப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு சர்க்கரை நோய் கிளினிக்குக்குப் போவார். அங்கே டாக்டர் சபாபதி. ஆறடி உயரம், அடர்ந்த மீசை, மைக் இல்லாமலே ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கிற குரல். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்துவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேங்க் மேனேஜரா, தாசில்தாரா என்ற பேச்சே இல்லை, எல்லோரும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான். அவருக்கு முதல் எதிரி வடை. “எண்ணெயில முங்கின உளுந்துக்காக யாராச்சும் உசுரக் குடுப்பாங்களா சார்?” என்று அவர் கேட்கும்போது, வெளியே காத்திருப்பவர்கள் தங்கள் வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு அப்பாவின் தாளில் எண்கள் மோசமாக இருந்திருக்கின்றன. திட்டு ஆரம்பிப்பதற்குள் பேச்சை மாற்ற, அப்பா என்னைப் பலி கொடுத்துவிட்டார்.

“பொண்ணு விஸ்காம் முடிச்சிருக்கா டாக்டர். கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவா.”

டாக்டரும் அந்த வாரம்தான் ஏதோ கூட்டத்துக்குப் போய், இனி எல்லா கிளினிக்கும் நோயாளிகளுக்கு வாராவாரம் நியூஸ்லெட்டர் அனுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். “அப்படியா? நாளைக்கே வரச் சொல்லுங்க” என்றார். அப்பாவின் சர்க்கரை அன்று மறக்கப்பட்டது. எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம்.

கழுத்தில் அட்டை, அதில் ‘டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’. உட்கார இடம், எடை பார்க்கும் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில். மெஷினில் ஏறி நிற்கிற ஒவ்வொருவரும் எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக என்னைப் பார்ப்பார்கள். அந்த எண்ணை நான்தான் ஏற்றி வைத்தது போல.

முதல் நியூஸ்லெட்டரை உயிரைக் கொடுத்து எழுதினேன். வெந்தயத்தின் நன்மைகள், பாதங்களைப் பேணுவது எப்படி, நடுவில் ஒரு பாகற்காய்ப் படம். நானூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பினேன். திறந்தவர்கள், தொழில் பாஷையில் ஓப்பன் ரேட், பதினோரு பேர். அதில் ஒருத்தி நான். (எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது மெயில் அனுப்புகிற சாஃப்ட்வேர். நான் மறுக்கவில்லை.)

இணையத்தில் தேடினேன். அப்போதுதான் என் வாழ்க்கையில் அந்த மகத்தான கேள்வி நுழைந்தது: மின்னஞ்சல் அனுப்பச் சிறந்த நேரம் எது? வெளிநாட்டு வல்லுநர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பெரும்பாலானோர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடிதத்தில் கோளாறு இல்லை, நேரத்தில்தான் கோளாறு! இதைவிட ஆறுதலான செய்தி ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்குமா?

செவ்வாய் காலை பத்து மணிக்கு அனுப்பினேன். ஒன்பது பேர்.

அந்த வல்லுநர்கள் யாரும் சிட்லபாக்கத்தில் ரிட்டையர் ஆனவர்கள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. காலை பத்து மணிக்கு எங்கள் ஆட்கள் பேங்கில் பாஸ்புக் பதியும் வரிசையில் நிற்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பிப் பார்த்தேன். தூக்கத்தைக் கெடுத்ததாக ஒருவர் கிளினிக்குக்கே போன் போட்டுத் திட்டினார். சாயங்காலம் ஏழரைக்கு அனுப்பினேன். சீரியல் நேரம், நாலு பேர். அந்த நாலில் ஒருவர், இனி அனுப்ப வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துவதற்காகத் திறந்தவர்.

டாக்டர் கூப்பிட்டார்.

“என்னம்மா வித்யா, ஒருத்தரும் படிக்கிறதில்லையாமே?”

“சரியான நேரத்தைத் தேடிக்கிட்டிருக்கேன் சார்.”

“நேரம் கெடக்கட்டும். ஒன் லெட்டர்ல உசுரே இல்லையே. நான் நேர்ல பேசுற மாதிரி இருக்கணும். படிச்சதும் ஒரு பயம் வரணும். என் பேர்லதானே போகுது?” கண்ணாடியைக் கழற்றினார். “மாசக் கடைசிக்குள்ள பாதிப் பேராச்சும் படிக்கணும். இல்லேன்னா நிறுத்திடலாம்.”

நிறுத்தப்போவது நியூஸ்லெட்டரையா என்னையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, காத்திருக்கும் நோயாளிகளிடம் போய் நின்றேன். “சார், நீங்க மெயில் எப்பப் பாப்பீங்க?”

முதலில் கேட்டது சேஷாத்ரி சாரிடம். ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் சொல்லமாட்டார். “எந்த மெயில்மா?” என்றார். “தாம்பரத்துல நிக்கிறதா, நிக்காததா?”

ரயில் இல்லை சார், மின்னஞ்சல் என்று விளக்கினேன். “அதுவா? வந்தா பாப்பேன்” என்றார். எப்போது வந்தால் என்று கேட்டேன். “பாக்கும்போது வந்தா” என்றார். நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன்.

அடுத்து ஸ்டெல்லா டீச்சர். முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவர். “எப்பப் பாத்தா ஒனக்கு என்னம்மா? அதுல ஒண்ணும் உருப்படியா வர்றதில்லையே” என்றார். அந்த உருப்படி இல்லாததை எழுதுகிறவள் நான்தான் என்று சொல்லாமல் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அதிசயம் நடந்தது. அப்பா முந்தின நாளே கேளம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். தினமும் வாக்கிங் முடித்துவிட்டுப் பால் வாங்கி வருவது அவர்தான். அவர் இல்லாததால் அம்மா என்னை எழுப்பி அனுப்பினாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஏரிக்கரைப் பக்கம் போனேன்.

நடைபாதை முடிகிற இடத்தில் பேபி அக்காவின் வடை வண்டி. அதைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம். நெருங்கிப் பார்த்தால் எல்லாம் எங்கள் கிளினிக் முகங்கள்! சேஷாத்ரி சார், ஸ்டெல்லா டீச்சர், வெந்தயக் கட்டுரையைத் திறக்காத அத்தனை பேரும். எல்லோருடைய வலது கையிலும் செய்தித்தாள் துண்டில் சுடச்சுட வடை. இடது கையில், நம்புங்கள், இடது கையில் செல்போன்!

“நான் ஆறாயிரத்து நானூறு.”

“நான் ஏழாயிரம் தாண்டிட்டேன், பாருங்க.”

நடந்து முடித்ததும் எத்தனை அடி நடந்தோம் என்று போனில் பார்த்து ஒப்பிடுகிறார்கள். அதிகம் நடந்தவர் இன்னொரு வடை சாப்பிடத் தகுதி பெறுகிறார்! மணி பார்த்தேன். ஆறு ஐம்பது. அந்த இடத்திலேயே நான் குதித்திருக்க வேண்டும், பால் பாத்திரம் இருந்ததால் குதிக்கவில்லை. உலக வல்லுநர்கள் அத்தனை பேரும் கோட்டைவிட்ட நேரத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வாசகர்கள் எல்லோரும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுவும் எந்தத் தவறை எழுத வேண்டுமோ அந்தத் தவறைச் செய்துகொண்டே!

திங்கட்கிழமை முழுவதும் வேலைக்கு நடுவே சிரித்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் கேட்ட மாதிரியே உயிரோடும் பயத்தோடும் ஒரு கடிதம் தயாரானது.

தலைப்பு: ‘கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்!’

உள்ளே: ‘நடந்து முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள். இப்போது உங்கள் வலது கையில் இருப்பது வடை. இல்லை என்று சொல்லாதீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மணி நேரம் நடந்ததை ஒரு நிமிடத்தில் விழுங்கப் போகிறீர்களா? இப்படிக்கு, உங்கள் டாக்டர் சபாபதி.’

(முதல் கடிதத்தை மட்டும் காட்டச் சொன்ன டாக்டர், அதற்குப் பிறகு ‘நீயே பாத்துக்கோ’ என்று சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டேன்.)

செவ்வாய் காலை ஆறு ஐம்பதுக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்தேன். பட்டியலின் கடைசியில் டாக்டரின் முகவரியையும் சேர்த்தேன். என் திறமையை அவரும் பார்க்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டேன். “எங்கடி?” என்றாள் அம்மா.

“வாக்கிங்.”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா வழக்கம்போல ஐந்தரைக்கே கிளம்பிப் போயிருந்தார்.

வடை வண்டிக்கு எதிரே, குப்பை கொட்டாதீர் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இதயம் அடிக்கிற அடியில் பலகையே ஆடியது. ஆறு நாற்பத்தைந்துக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சேஷாத்ரி சார் வந்தார். ஸ்டெல்லா டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நீலச் சட்டையில் ஒருவர் வந்து, மிகுந்த உரிமையோடு வண்டிக்கு மிக அருகில் போய் நின்று, “பேபிம்மா, எனக்கு ரெண்டு. ஒண்ணு நல்லா முறுகலா” என்றார்.

அந்தக் குரலை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அப்பா! நாலு வருடமாக ஏரிக்கரையில் அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அப்பா. ‘ஜூஸ் வயித்துல நெறைஞ்சுருக்கு’ என்று அம்மாவின் ஓட்ஸ் கஞ்சியைப் பாதியிலேயே தள்ளி வைக்கும் அப்பா! வண்டிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், தொப்பியும் மாஸ்க்குமாக உயரமான ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். குறைந்தபட்சம் போனை எடுத்து மெயிலை நிறுத்தியிருக்கலாம். நான் மணி பார்த்தேன். ஆறு நாற்பத்தொன்பது. அப்பாவா, ஓப்பன் ரேட்டா என்று என் மனசு ஒரு கணம் கேட்டது. ஓப்பன் ரேட் என்று சொல்லிவிட்டேன்.

டிங்.

முதலில் சேஷாத்ரி சாரின் போன். உடனே இன்னொன்று, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல, கோயிலில் மணி அடிப்பது மாதிரி வண்டியைச் சுற்றி டிங் டிங் என்று கேட்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பார்த்தார்கள். அத்தனை பேரும்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சேஷாத்ரி சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். “இப்போது உங்கள் வலது கையில் இருப்பது...” வலது கையைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார். (இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம்.) வடை விழுந்தது. அதற்குள் சுற்றிலும் பொத் பொத்தென்று வடைகள் விழ ஆரம்பித்துவிட்டன. ஒருவர் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, “கேமரா வெச்சிருக்காங்கய்யா!” என்றார். வகுப்பில் ஒளித்துத் தின்ற பிள்ளைகளை முப்பது வருடம் பிடித்த ஸ்டெல்லா டீச்சர், கண் இமைக்கும் நேரத்தில் வடையை மடக்கிய குடைக்குள் போட்டுவிட்டு, ஏரியில் கொக்கு பார்ப்பது போல் நின்றார்.

அப்பா மட்டும் கீழே போடவில்லை. அவர் தடயத்தை அழிக்க முடிவு செய்தார். முழு வடையையும், அதுவும் அந்த முறுகலான வடையை, அப்படியே வாய்க்குள் திணித்து விழுங்கினார்.

வடை போகவில்லை.

முதலில் இரண்டு இருமல். பிறகு இருமலும் இல்லை. கை தொண்டைக்குப் போனது. கண்கள் பிதுங்கின. முகம் சிவந்து, அந்தச் சிவப்பு வேறு நிறமாக மாற ஆரம்பித்தது.

“அப்பா!”

பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்தப் பதினைந்து அடியில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. மெயிலும் வேண்டாம், வேலையும் வேண்டாம், இனி ஜென்மத்துக்கும் யாருக்கும் எதுவும் அனுப்பமாட்டேன். எல்லோரும் கத்துகிறார்களே தவிர, யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேபி அக்கா தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“தண்ணி குடுக்காதே! நவுரு!”

இடி இடித்தது போல ஒரு குரல். மரத்தடியில் நின்ற தொப்பிக்காரர் இரண்டே எட்டில் வந்து, அப்பாவை முன்பக்கமாகக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு அடி. இரண்டு. மூன்று. நாலாவது அடியில் வடை வெளியே வந்து விழுந்தது. அப்பா பெரிதாக மூச்சை இழுத்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தலையை நிமிர்த்தி முதலில் பார்த்தது என்னைத்தான்.

“நீ... நீ இங்க என்ன பண்ற?”

“நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?” என்றார் காப்பாற்றியவர்.

நிமிர்ந்தேன். மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. அடர்ந்த மீசை. மீசையின் வலது ஓரத்தில் தேங்காய்ச் சட்னி. இடது கையில் பாதி கடித்த மெதுவடை. ஒரு மனிதனின் உயிரை ஒரே கையால் காப்பாற்றியபோதும் இன்னொரு கையில் இருந்த வடையை அவர் விடவில்லை.

டாக்டர் சபாபதி.

ஏரிக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில், பட்டியலின் கடைசிப் பெயருக்கும் கடிதம் வந்து சேர்ந்தது. அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து, டிங்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். படிக்கப் படிக்க, இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

“யார் அனுப்பினது இது?” என்றார் கர்ஜனையாக.

“நீங்கதான் டாக்டர்” என்றார் ஸ்டெல்லா டீச்சர். “கீழ பேர் போட்டிருக்கே.”

பேபி அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “மாஸ்க்கு சார், நீ டாக்டரா? வாரத்துல அஞ்சு நாளு வந்து நாலு நாலா துன்னுகினு கீறியே! சட்னி பத்தலன்னு நேத்திக்கு எங்கிட்ட சண்ட போட்டியே! இப்ப இன்னாத்துக்கு இவங்களுக்கு லெட்டர் போட்டு என் பொயப்புல மண்ணள்ளிப் போடுற?”

“அக்கா, அது அவர் இல்ல...” என்று நான் ஆரம்பித்தேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. (பெருமையில் வாக்கிங்குக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன்.)

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “பத்து மணிக்கு ரூமுக்கு வா” என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, “மூச்சு விட ஒண்ணும் கஷ்டமா இல்லையே சார்? எதுக்கும் கிளினிக்குக்கு வந்துட்டுப் போங்க. ஒரு தடவ பாத்துடறேன்” என்றார் அப்பாவிடம். பிறகு நேராக நடந்து போனார். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதனால் அந்தப் பாதி வடையை நாங்கள் எல்லோரும் தெரு முனை வரைக்கும் பார்த்தோம்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா என்னிடம் கெஞ்சினார். “அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. கிளினிக்குக்கு நான் அப்பறமா போயிக்கறேன்.”

“நீங்க டாக்டர்கிட்ட என்னை வேலையை விட்டுத் தூக்க வேணாம்னு சொல்லுவீங்களா?”

“இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ஆள் முன்னாடி ஒக்காருவேன்?”

அதற்குள் வீடு வந்துவிட்டது. கதவைத் திறந்த அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அப்பா, “இன்னிக்கு ஜூஸ் கொஞ்சம் ஜாஸ்தி...” என்று ஆரம்பித்தார்.

அம்மா தன் போனைக் கஞ்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். “கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்” என்று படித்தாள். “வடை எப்படி இருந்துது?”

கிளினிக்கில் பெயர் பதியும்போது, வீட்டில் இன்னொருவரின் மின்னஞ்சலும் வேண்டும் என்று கேட்டதற்கு, அப்பா அம்மாவுடையதைக் கொடுத்திருக்கிறார். நானும் ஒருவரைக்கூட விடாமல் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். அப்பா கஞ்சியைக் குடித்தார். முழுவதும் குடித்தார். அதற்குப் பிறகு அம்மாவே கையைப் பிடிக்காத குறையாக அவரைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரிசப்ஷனில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரும்புலியூரிலிருந்து ஒரு பெரியவர்: “ஏம்மா, என் கையில பிரஷ்தான் இருக்கு. வடைன்னு போட்டிருக்கீங்களே?” இன்னொருவர்: “மெயில் வந்துருச்சு. வடை இன்னும் வரலையே, எப்ப வரும்?”

பத்து மணி. அறைக்குள் போனேன். மீசையில் சட்னி இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். நோயாளிகள் உட்காரும் நாற்காலி. நான் அழத் தயாராக இருந்தேன்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை, “எத்தனை பேர் தெறந்தாங்க?” என்றார்.

“முந்நூத்தி எழுவது, சார்.”

“முந்நூத்தி எழுவதா!” நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். கண்ணில் ஒரு ஒளி. உடனே அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். “எனக்கு வீட்ல வடை கெடையாதும்மா. நான் இருக்கிற செலையூர்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதான் அவ்வளவு தூரம் வந்து...” நிறுத்தினார். “இனிமே நான் எப்படி யாரையும் திட்டுவேன்?”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “மன்னிச்சிடுங்க சார்” என்றேன். என்னை வேலையை விட்டு நீக்குவதா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு சேஷாத்ரி சார் உள்ளே வந்துவிட்டார். அன்று அவருக்கு அப்பாயிண்ட்மெண்ட்டே கிடையாது.

“டாக்டர், ஒரு விஷயம்” என்றார். “போன தடவ ஒங்ககிட்ட மாசம் ஒரு வடைன்னு சொன்னேன். பொய். தெனம் ரெண்டு. ஒங்கள இன்னிக்குப் பாத்ததுக்கப்பறம், சொல்லலாம்னு தோணுச்சு.”

டாக்டர் அவரையே பார்த்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. “ஒக்காருங்க” என்றார். “எனக்கு நாலு. ரெண்டு பேரும் என்ன செய்யலாம்னு பாப்போம்.”

அன்று சாயங்காலம் வரைக்கும் வரிசை குறையவில்லை. வருடக்கணக்காக ‘நான் இனிப்பத் தொடறதே இல்ல டாக்டர்’ என்று சொன்னவர்கள் எல்லாம் வந்து உண்மையை ஒப்பித்தார்கள். மைசூர்பாக், பூரி, ஒளித்து வைத்த சாக்லேட். ஸ்டெல்லா டீச்சர் குடைக்குள் இருந்ததையும் சொல்லிவிட்டார். அப்பாவும் போனார். தொண்டையைப் பார்த்து முடித்த பிறகு உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா சிரிக்கவில்லை.

என் வேலை போகவில்லை. அடுத்த வாரத்துக் கடிதத்தை டாக்டரே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். “எப்ப அனுப்பட்டும் சார்?” என்றேன். மீசையைத் தடவிக்கொண்டே, “நான் சாப்பிடாத நேரமாப் பாத்து” என்றார். அங்கே இரண்டு வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு வேறு கம்பெனிகள், வேறு பட்டியல்கள். லட்சம் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு ஐம்பதைத் தாண்டிய வெற்றி இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் நிம்மதியாக ஒரு பலகாரத்தை எடுத்ததில்லை. தீபாவளியானாலும் பிறந்தநாளானாலும், தட்டை நோக்கி ஒரு கை நீளும்போது, சமையலறையிலிருந்து அம்மா நிதானமாக, “டிங்” என்பாள். கை நின்றுவிடும்.

என் கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தியில் அப்பா, டாக்டர், சேஷாத்ரி சார், ஸ்டெல்லா டீச்சர் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் மெதுவடை விழுந்தது. நாலு கையும் ஒரே நேரத்தில் வடையை நோக்கிப் போயின. பட்டுப்புடவையில் பின்னால் வந்து நின்ற அம்மா, “டிங்” என்றாள்.

நாலு கையும் அந்தரத்தில் நின்றன. பரிமாறுகிறவர் வடையில் ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து, வாளியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். எதிர் வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த என் கணவர், புது மாப்பிள்ளை, ஒன்றும் புரியாமல் தானும் கையை நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மட்டும் முதலில் சுதாரித்தார். திரும்பி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். “இன்னிக்கு நான் லீவும்மா” என்று சொல்லிவிட்டு, வடையைப் பிட்டு, பாதியை எடுத்து அப்பாவின் இலையில் வைத்தார். “சார், நீங்க மட்டும் மென்னு சாப்பிடுங்க.”